ஈரலுக்குக் காவல்

மாயகிருஷ்ணன் தன் வாழ்நாளில் இருநூற்றுச் சொச்சம் ஆடுகளின் வயிற்றில் ஊசி குத்தியிருக்கிறார். ஒரு தடவைகூட அவருக்கு வலித்ததில்லை.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு மேற்கே, மழை பெய்து உளுந்து பச்சைப்பசேலென்று நிற்கிற கார்த்திகை மாதத்தில் ஆடுகளுக்கு ஒரு வில்லங்கம் வரும். ஈரம் சொட்டும் உளுந்துச் செடியைக் காணாததைக் கண்டதுபோல் மேய்ந்துவிட்டு, அரைமணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பி, கால் பரப்பிச் சாய்ந்துவிடும். உடனே மாயகிருஷ்ணனுக்கு ஆள் போகும். அவர் வருவார். அவசரப்படவே மாட்டார். ஆட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் மூன்று விரல் வைத்து அளப்பார். ஓட்டப்பிடாரம் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போன தடித்த ஊசியை எடுப்பார். கண்ணை மூடுவார். ஒரே குத்து. புஸ்ஸென்று காற்று போகும். ஆடு எழுந்து, நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல மறுபடி உளுந்துச் செடியைப் பார்க்கும்.

கண்ணை மூடி அவர் குலசாமியை நினைக்கிறார் என்று ஊர் சொன்னது. அவரும் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், ஊசி தோலில் இறங்குவதைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். இருபத்தேழு வருஷமாகக் காப்பாற்றி வரும் ரகசியம் இது. பிழைத்த ஆடெல்லாம் அவருடைய கைராசி, செத்த ஆடெல்லாம் உடையவன் பிந்திக் கூப்பிட்ட குற்றம். இப்படி ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டால் எந்த வைத்தியனுக்கும் பெயர் கெடாது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அந்தப் பெயருக்கும், கூடவே அவருடைய உயிருக்கும் ஆபத்து வந்தது.

முதலில் குளிர்காய்ச்சல். பிறகு வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பதுபோல ஒரு வலி. மாயகிருஷ்ணன் தனக்குத்தானே வைத்தியம் பார்த்தார். இது காற்று. காற்றென்றால் இடது பக்கம்தான் நிற்க வேண்டும். தப்பான பக்கம் போய் நிற்கிறது, தானாகத் திரும்பி வந்துவிடும். ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தார். அது திரும்பவில்லை. வலி தோள்பட்டைக்கு ஏறியது. சோறு கசந்தது. இருமினால் உயிர் போனது. பதினோராம் நாள் காலையில் அவர் மனைவி பாலம்மாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள்.

"கெளம்புங்க. கோயில்பட்டிக்குப் போறோம்."

"ஏட்டி, எனக்குத் தெரியாத வயித்து வலியா?"

"ஆட்டு வயித்து வலி தெரியும். மனுச வயித்துக்குப் படிச்சவுக அங்கன இருக்காவ. நடங்க."

முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. பஸ் வரும் ரோட்டுக்குப் போவதற்குள் கரிசல் மண் அப்பி அப்பி அவருடைய செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ தேறியது. ஆஸ்பத்திரி வாசலில் அதைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, "இந்த மண்ணு கழண்டதே பாதிச் சொகமாகிட்டு. திரும்பிருவமா?" என்று கேட்டுப் பார்த்தார். பாலம்மாள் அவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியிலிருந்து ஸ்கேன் டாக்டர் ஒருவர் வருவார். பெயர் ஜேம்ஸ்ராஜ். முப்பத்தைந்து வயது இருக்கும். அன்றைக்குச் செவ்வாய். மாயகிருஷ்ணனைப் படுக்கவைத்து, வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வைத்து உருட்டினார். பக்கத்துப் பெட்டியில் படம் ஓடியது.

"அண்ணாச்சி, இந்தா கருப்பா உருண்டையாத் தெரியுதுல்லா? ஈரலுக்குள்ள சீழ் கோத்திருக்கு. பெரிய மாதுளம்பழம் தண்டி இருக்கு. எந்தத் தண்ணி குடிப்பீங்க?"

"ஆட்டுக்கிடை போடுற எடத்துல எந்தத் தண்ணி கெடைக்குதோ அதான் டாக்டர். ஆனா சும்மா குடிக்க மாட்டேன். துண்டை வச்சு வடிகட்டித்தான் குடிப்பேன்."

நர்ஸ் ஜீனா அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். முகம் துடைக்க, மூக்குச் சிந்த, பிறந்த குட்டியைத் துவட்ட, பஸ்ஸில் இடம் போட என்று சகலத்துக்கும் பயன்பட்ட துண்டு அது. மாயகிருஷ்ணனும் முதல்முறையாக அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அந்தத் தண்ணியில இருக்கிற கிருமிதான் குடல் வழியா ஈரலுக்குப் போயிருக்கு," என்றார் டாக்டர். "இம்புட்டுப் பெரிசா இருக்கதால மாத்திரை மட்டும் பத்தாது. உள்ளேயே வெடிச்சிட்டா உயிருக்கு மோசம். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி இறக்கி, ஒரு சின்னக் குழாயை உள்ள விட்டு வச்சிருவோம். நாலஞ்சு நாள்ல எல்லாம் வடிஞ்சிரும். வயித்தைக் கிழிக்க வேண்டாம்."

ஊசி என்றதும் மாயகிருஷ்ணனுக்கு உள்ளங்கால் வேர்த்தது. ஆனாலும் தொழில்காரர் ஆயிற்றே.

"டாக்டர், ஒரு சின்ன விசயம். ஊசின்னா இடது பக்கந்தான். வலது பக்கம் குத்துனா செத்துப்போகும்."

"எது?"

"ஆடு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் எத்தனை ஆட்டைக் குத்தியிருக்கிறார் என்று விசாரித்தார். இருநூறு என்று கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். "அப்ப நீங்க எனக்கு சீனியர். ஆட்டுக்குக் காத்து இடது பக்கம், உங்களுக்குச் சீழ் வலது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். ஊசி முனை எங்க போகுதுன்னு இந்தப் பெட்டியில பாத்துக்கிட்டேதான் குத்துவேன். பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் குத்துற வேலை இல்ல இது."

கடைசி வாக்கியம் மாயகிருஷ்ணனைச் சரியான இடத்தில் குத்தியது. இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் டாக்டர். "நீங்க மூச்சு விடும்போது ஈரலும் மேலயும் கீழயும் போகும். நான் நிறுத்துங்கன்னா மூச்சை நிறுத்தணும். பேசவே கூடாது."

மூச்சை நிறுத்துவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. பேச்சை நிறுத்துவதுதான் இடித்தது. விலாவில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டார்கள். டாக்டர் பெட்டியைப் பார்த்தபடி, "மூச்சை நிறுத்துங்க," என்றார்.

"நிறுத்திட்டேன் டாக்டர்," என்றார் மாயகிருஷ்ணன்.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். மறுபடி, "நிறுத்துங்க."

"இப்ப சரியா இருக்கா?"

"அண்ணாச்சி, நீங்க ஒவ்வொரு தடவை பேசும்போதும் ஈரல் ஒரு விரக்கடை நகந்துபோகுது. நான் எங்க போயித் தேட?"

வாசலுக்கு வெளியே நின்ற பாலம்மாளின் குரல் கேட்டது. "கலியாணத்துல தாலி கட்டும்போதுகூட பேசிக்கிட்டேதான் கட்டுனாவ டாக்டர். வாயில துணியை வச்சு அமுக்குங்க."

அதற்குப் பிறகு மாயகிருஷ்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணையும் இறுக்கிக்கொண்டார்.

"பெட்டியில பாருங்க, ஊசி தெரியும்," என்றாள் ஜீனா.

அவர் பேசக் கூடாது என்பதால் மூடிய கண்ணோடு வலது கையை உயர்த்தி, ஒரு விரலால் மேலே காட்டினார். சாமி கும்பிடுகிறாராம். அழுத்துவதுபோல ஒன்று, இழுப்பதுபோல ஒன்று, பிறகு உள்ளே எதுவோ வழிவிட்டதுபோல ஒன்று. இருநூறு ஆடுகளும் வரிசையாக நின்று தன்னை வேடிக்கை பார்ப்பதுபோல அவருக்குத் தோன்றியது. ஒன்றுகூட முகத்தில் இரக்கம் காட்டவில்லை.

வேலை முடிந்து கண்ணைத் திறந்தபோது, விலாவிலிருந்து சேமியாவைவிடக் கொஞ்சம் தடித்த குழாய் ஒன்று வெளியே வந்து, வேட்டிக்குள் இறங்கி, கட்டிலின் கீழ்க்கம்பியில் தொங்கிய பையில் முடிந்தது. பையில் ஏதோ நிறைந்துகொண்டிருந்தது.

வலி பாதியாகக் குறைந்தது. அன்று ராத்திரி தூக்கமும் வந்தது. புதன்கிழமை காலையில் இரண்டு இட்லி உள்ளே போனது. வேறு யாராக இருந்தாலும் இதோடு கதை முடிந்து சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். மாயகிருஷ்ணனுக்குப் பொழுது போகவில்லை. அதனால் யோசித்தார். அவர் யோசிக்க ஆரம்பித்தால் எப்போதும் ஒரு நல்ல காரியம் கெட்டுப்போகும்.

சீழ் என்று சொன்னாரே டாக்டர். சீழைப் பற்றி மாயகிருஷ்ணனிடமா சொல்வது? குளம்பு அழுகின ஆடு, கழுத்தில் கட்டி உடைந்த ஆடு, எத்தனை பார்த்திருக்கிறார். சீழ் மஞ்சளாக இருக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் இந்தப் பையில் இருப்பது மஞ்சளாக இல்லை. ஜீனா பையைக் காலி செய்யும்போது எட்டி எட்டி மோந்து பார்த்தார். நாற்றமும் இல்லை. காவியும் கருப்பும் கலந்த ஒரு நிறம். இந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று புதன்கிழமை முழுக்க மண்டையைக் குடைந்தார். சாயங்காலம் தெரிந்துவிட்டது. ஆடு உரித்த அன்று, சூடு ஆறாமல் முதலில் கையில் எடுத்துத் தருவார்களே, அது. ஈரல். அச்சு அசலாக ஈரல் நிறம்.

குழாயை ஈரலில் விட்டிருக்கிறார்கள். வருவதும் ஈரல் நிறம். ஜீனா செவ்வாய்க்கிழமை நானூறு மில்லி என்று எழுதினாள், புதன்கிழமை இருநூற்றைம்பது. ஓர் ஆட்டு ஈரல் இருந்தால் அரைக்கிலோ. மனுஷ ஈரல் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தங்கப்பாண்டியன் பார்க்க வந்தார். மாயகிருஷ்ணன் வருஷந்தோறும் இவர் நிலத்தில்தான் தன் ஆடுகளை ராத்திரி அடைத்துக் கிடை போடுவார். இவருடைய ஆடுகளையும் குத்தியிருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தவர், குனிந்து பையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? ஈரலை அரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு?"

"சத்தமாச் சொல்லாதீரும் வே. உமக்கும் அப்படித்தான் தெரியுதா?"

"பின்னே? நானும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை பாக்குறவன்தானே."

இரண்டாவது ஆளும் சாட்சி சொல்லிவிட்டார். தங்கப்பாண்டியன் போனதும், பாலம்மாள் காபி வாங்கக் கீழே இறங்கினாள். மாயகிருஷ்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டிக்குள் கையை விட்டு, குழாயை இரண்டாக மடித்து, அரைஞாண் கயிற்றில் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். திமிறுகிற கிடாவைக் கட்டிப் பழகிய கை. முடிச்சு அசையாது. மேலே வேட்டியை இழுத்துவிட்டு, மிச்சமுள்ள ஈரலையாவது காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு காபி குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீனா பையைத் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "அண்ணாச்சி, நேத்து மத்தியானத்துலேருந்து சொட்டுக்கூட இல்ல. வத்திருச்சு போல!"

"எல்லாம் உங்க கைராசி தாயி," என்றார் பெருந்தன்மையாக.

பத்து மணிக்கு நடுக்கம் வந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. பழைய முழங்கை பழையபடி விலாவில் வந்து உட்கார்ந்தது. பாலம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எப்போதும் திட்டுகிறவள் திட்டாமல் நின்றதுதான் அவருக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது.

டாக்டர் ஜேம்ஸ்ராஜ் வந்ததும் வராததுமாக ஸ்கேனை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"முக்காவாசி வடிஞ்சது, திரும்பவும் கோத்திருக்கு. குழாய் அடைச்சிருச்சுன்னு நெனைக்கேன். இதை எடுத்துட்டு இன்னொண்ணு போட வேண்டியதுதான். இதைவிடத் தடிமனா. ஜீனா, எடுத்து வைம்மா."

தட்டில் ஏதோ உலோகம் உரசுகிற சத்தம் கேட்டது. மாயகிருஷ்ணன் ஒரு பக்கம் ஈரலையும் மறுபக்கம் தடித்த ஊசியையும் வைத்து நிறுத்துப் பார்த்தார். வீரமான ஆளாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ரகசியத்தைக் காத்து, கௌரவமாகச் செத்தும் போயிருப்பார். நல்லவேளை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"டாக்டர், ஒரு சின்ன விசயம்," என்று சொல்லி வேட்டியை விலக்கினார்.

ஜீனா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. கத்தரி வைத்து அரைஞாண் கயிற்றையே வெட்ட வேண்டியிருந்தது. மடிந்த குழாய் நிமிர்ந்ததும் அதற்குள் கொஞ்சம் மருந்துத் தண்ணீரை ஊசியால் தள்ளி இழுத்தாள். பைக்குள் குபுகுபுவென்று இறங்க ஆரம்பித்தது.

"உள்ள வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" டாக்டரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "என் மேல கோவம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

மாயகிருஷ்ணன் சொன்னார். நிறத்தைச் சொன்னார், நாற்றம் இல்லாததைச் சொன்னார், ஆட்டு ஈரல் அரைக்கிலோ என்பதைச் சொன்னார். தங்கப்பாண்டியனின் சாட்சியத்தையும் சேர்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அது அவருக்கே கேவலமாக இருந்தது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, ஒரு வகையில நீங்க சொல்லுதது சரிதான். இது சாதாரணச் சீழ் இல்ல. அந்தக் கிருமி ஈரல்ல ஒரு பகுதியைச் சாகடிச்சுக் கரைச்சிருச்சு. அந்தச் செத்த ஈரல்தான் வருது. அதான் அந்த நெறம், அதான் நாத்தம் இல்ல. நல்ல ஈரல் குழாய் வழியா வராது. அது உள்ள பத்திரமா இருக்கு. கெட்டது போயிட்டா, அந்த எடத்துல திரும்ப வளந்து நிரப்பிக்கிடும்."

"வளருமா?"

"வளரும்."

மாயகிருஷ்ணன் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "கேட்டியாட்டி? நான் சொன்னது சரின்னு டாக்டரே ஒத்துக்கிட்டாரு."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பாலம்மாளுக்கு வசவாக வெளியே வந்தது. "சரியாச் சொன்னீக! செத்ததைப் பிடிச்சுக் கட்டி வச்சுக்கிட்டு உசுர விடப் பாத்தீகளே! இருவத்தேழு வருசமா ஊசியப் பாக்கப் பயந்து கண்ணை மூடிக்கிட்டு ஆட்டைக் குத்துற ஆளு, டாக்டருக்கு மேல டாக்டரு!"

அவருக்குக் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியதுபோல் இருந்தது. "ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கா? ஊருக்கே தெரியும். வேட்டி நடுங்குறதைப் பாத்தா தெரியாதா?"

"பின்னே ஒருத்தனும் சொல்லலையே."

"ஆடு பொழைக்குதுல்லா? அதான் சொல்லல. அதோட..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துக்கிட்டாவது வந்து குத்துறாவளேன்னுதான்."

மாயகிருஷ்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஜீனா பையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். புது ஊசி தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு வாரம் குழாய் இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. அடுத்த வியாழக்கிழமை பை உண்மையாகவே வற்றியது. வெள்ளிக்கிழமை டாக்டர் குழாயை உருவினார். மாயகிருஷ்ணன் அப்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார். இடது கண். குழாய் இருந்தது வலது பக்கம்.

மார்கழி பிறந்து நாலாம் நாள். எடை எட்டுக் கிலோ குறைந்து, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் பாட்டிலோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் தங்கப்பாண்டியன் வேகமாக வந்தார்.

"அண்ணாச்சி, சினை ஆடு ஒண்ணு உளுந்தைத் தின்னுட்டு ஊதிக் கெடக்கு. ஒங்களுக்கு முடியலைன்னா..."

"வாரேன் வே."

பாலம்மாளும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நாலைந்து பேர் சுற்றி நிற்க, ஆடு கரிசல் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண் பிதுங்கி அவரையே பார்த்தது. பயந்த கண். இதற்கு முன்னால் எந்த ஆடும் அவரை இப்படிப் பார்த்ததில்லை என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது. எல்லா ஆடும் பார்த்திருக்கும். அவர்தான் கண்ணை மூடியிருந்தார்.

கழுத்தடியில் தடவிக்கொடுத்தார். "ஒண்ணுமில்ல தாயி. வலிக்கும். எனக்குத் தெரியும். மூச்சை மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கோ. பேசாத, என்ன?"

ஆடு பேசவில்லை. அந்த மட்டில் அவரைவிட நல்ல நோயாளி.

மூன்று விரல் அளந்தார். ஊசியை வைத்தார். வழக்கம்போல் இமை இறங்கியது. இழுத்துப் பிடித்து இரண்டு கண்ணையும் திறந்தார். விரல் அளந்த இடத்திலிருந்து ஊசி முனை ஒரு விரக்கடை தள்ளி நின்றது. அடப்பாவி, இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்குமா? நகர்த்திச் சரியாக வைத்தார். குத்தினார். தோல் குழிந்து, ஊசி இறங்குவதை முழுதாகப் பார்த்தார்.

புஸ்ஸென்று காற்று போனது. ஆடு தலையைத் தூக்கியது. முன்னங்கால் ஊன்றி எழுந்து, உடம்பை ஓர் உதறு உதறி நின்றது.

மாயகிருஷ்ணன் அந்த ஆடு படுத்திருந்த அதே இடத்தில், அதே சேற்றில், அதே பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். ஆடு குனிந்து அவர் காதை மோந்து பார்த்தது.

"இந்தா, தண்ணி தெளிங்க," என்று பாலம்மாள் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

திடுக்கென்று விழித்தவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாருடைய முகத்தில் முதலில் சிரிப்பு வரும் என்று தேடினார்.

தங்கப்பாண்டியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல் கையைக் கூப்பினார்.

"தள்ளி நில்லுங்கப்பா எல்லாரும். அண்ணாச்சிக்குச் சாமி எறங்கியிருக்கு."